பொருளாளருக்கு வாய்த்த சம்பந்தி

நாலு பிளாக், நடுவில் ஒரு சின்னத் தோட்டம், தோட்டத்து மூலையில் பம்பு அறை, வாசலை ஒட்டிச் சங்கத்து ஆபீஸ். அந்தக் குடியிருப்பில் மருந்துக்கடை அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வாசலுக்கு எதிர்ச்சாரியில் அவள் கடை. யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குத் தூக்கம் வராது, எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொருவர் காதுக்குப் போகாது. அதனாலேயே எல்லாருக்கும் அவள்மேல் தனி நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்குப் போனால், கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டு வருகிறவள் அவள். அந்த வருடம் வரவு செலவை வாசித்து முடித்து, "ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று தலைவர் கேட்டு, எல்லாரும் நாற்காலியை நகர்த்தத் தொடங்கியபோது, சும்மா இருக்காமல் கையைத் தூக்கினாள்.

"வேலை முடிஞ்சுதுன்னு ஒவ்வொரு பில்லுலயும் எழுதியிருக்கு. நிஜமாவே முடிஞ்சுதான்னு போய்ப் பாத்தது யாரு?"

கூட்டம் தலைவரைப் பார்த்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப நீங்களே பாருங்களேன் அக்கா," என்று முன்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, கைதட்டல் கிளம்பியது. எப்போதடா சுமையை இறக்குவோம் என்று காத்திருந்த பழைய பொருளாளர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். கூட்டம் கலைவதற்குள் பதவியை அக்கா தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வீட்டில் மட்டும் எதையும் திருத்த முயலாத புத்திசாலி.

"உனக்கு வாய் சும்மா இருக்காதா?"

"கேட்டது தப்பா?"

"தப்பே இல்ல. இனிமே அதுக்குப் பதிலும் நீயே சொல்லணும், அவ்வளவுதான்."

சங்கத்துக்கு விதிகள் இல்லாமல் இல்லை. மேனேஜர் தன் பொறுப்பில் ஒரு வரம்பு வரைக்கும் செலவு செய்யலாம். அதைத் தாண்டினால் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிக் கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். செக்கில் செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் அச்சடித்த விதிப்புத்தகத்தில் அழகாக இருந்தது. நடைமுறை என்னவென்றால், பழைய பொருளாளர் ஊருக்குப் போகும்போதெல்லாம் வெற்று செக்குகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அக்கா முதல் வேலையாக அந்தச் செக்குகளையெல்லாம் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்தாள். அதன் பிறகு, மத்தியானம் கடையை அடைக்கிற நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பெயின்டர் இரண்டு கோட்டிங் அடித்தேன் என்றால் சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோட்டிங் வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே நிக்குதா?" என்று கேட்பாள். பெயின்டர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி ஏணியில் ஏறுவார்.

இதில் அதிகம் திண்டாடியது மேனேஜர்தான். மேனேஜர் தங்கமான மனுஷர். யார் கூப்பிட்டாலும் 'இதோ வந்துட்டேன்' என்று ஓடுவார். குடியிருப்பில் பாதிப்பேர் அவருக்கு அக்கா, மீதிப்பேர் அண்ணன். ஒரு தடவை லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது அக்காவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனவர் இந்த மேனேஜர்தான். அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் கூடப் பிறக்காத தம்பி. அவரிடம் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

கோடைக்காலத்தில் ஒரு வாரம் மூன்று பில்கள் வந்தன. மூன்றும் பம்பு வேலை. மூன்றும் ஒரே ஒப்பந்தக்காரர். மூன்றும் மேனேஜருடைய வரம்புக்குக் கொஞ்சம் கீழே, தலை தட்டாமல் குனிந்து நுழைந்த மாதிரி நின்றன.

அக்கா மேனேஜரைக் கடைக்கே கூப்பிட்டனுப்பினாள்.

"தம்பி, இது மூணு வேலையா, ஒரு வேலையா?"

மேனேஜருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அடுத்த நொடியே கொட்டிவிட்டார். "ஒரு வேலைதான்க்கா. மோட்டார் நின்னுபோச்சு. நாலு பிளாக்லயும் தண்ணி இல்ல. கமிட்டி கூடி, மூணு கொட்டேஷன் வாங்கி, எல்லாரும் தலையாட்டி... அதுவரைக்கும் ஜனம் குளிக்காம இருக்குமா? நான்தான் பம்புக்காரரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். பில்லை மூணாப் பிரிச்சுக் குடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

"நல்லதுக்குச் செஞ்சே. சரி. நாளைக்கு வேற ஒருத்தர் கெட்டதுக்கு இதே மாதிரி செஞ்சா, பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

மேனேஜர் கையைப் பிசைந்தார். அக்கா அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் செக்கில் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் காலை பம்புக்காரர் சங்கத்து ஆபீசுக்கு வந்து நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை, நகக்கண்ணில் என்றைக்கும் போகாத கிரீஸ் கறுப்பு. நனைந்த கால்சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார்.

"வேலை செஞ்சேன். தண்ணி வருது. காசு ஏன் வரல?"

"நீங்க பேரிங் மாத்தினதா எழுதியிருக்கீங்க. பழசு எங்க?" என்றாள் அக்கா.

"பழசை வச்சு நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க? மாத்திரை அரைக்கப் போறீங்களா?"

"பாக்கப் போறேன்."

பம்புக்காரர் வெளியே போனார். சற்று நேரத்தில் ஒரு சாக்குமூட்டையைத் தோளில் சுமந்து வந்து, மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார். தேய்ந்த பேரிங்குகள், கருகின தாமிரச் சுருள், கிழிந்த ரப்பர் வளையங்கள் எல்லாம் எண்ணெய் சொட்டச் சொட்ட உருண்டன. ஒரு பேரிங் மேஜையிலிருந்து விழுந்து மேனேஜரின் கால் விரலில் பட்டது. அவர் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தார்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பில்லோடு ஒப்பிட்டாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"வேலை சுத்தம். உங்கமேல சந்தேகம் இல்ல," என்றாள். "ஆனா மூணு பில்லையும் ஒரே பில்லா எழுதிக் குடுங்க. கமிட்டியில வச்சு, அவசர வேலைன்னு காரணம் சொல்லி, ஒப்புதல் வாங்கித்தான் தருவேன்."

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

"அடுத்த கூட்டம் வரைக்கும்."

பம்புக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் பாவம்மா," என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மேஜையைத் துடைக்க அக்காவுக்கும் மேனேஜருக்கும் அரை டப்பா சோப்புத்தூள் செலவாயிற்று.

கமிட்டி கூடியது, ஒப்புதல் கிடைத்தது, பணமும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் மகள் பேச்சை எடுத்தாள். மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருக்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று முன்பே வீட்டில் சொல்லியிருந்தாள். பிள்ளைகளைப் பல் பரிசோதனைக்கு அழைத்து வந்தபோது பழக்கமாம். அழுகிற குழந்தைகளைச் சிரிக்க வைக்க நாற்காலியில் முதலில் தானே ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தானாம். அதைக் கேட்டதுமே அக்காவுக்கு முக்கால்வாசி சம்மதம்.

"அம்மா, அவங்க அப்பாவை உனக்குத் தெரியும்."

"யாரு? கடைக்கு வர்றவரா?"

"கடைக்கு வந்ததில்ல. சங்கத்து ஆபீசுக்கு வந்திருக்கார்." மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாக்குமூட்டையோட."

வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, அவர் மூச்சு ஒருவழியாகச் சீரானதும் முதலில் சொன்னது, "பழைய பேரிங்கைக் கேட்டியே, இப்ப புது மாப்பிள்ளையையே அனுப்பறார்" என்பதுதான்.

"ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்றாள் அக்கா.

"சொல்லலாம்னு நினைச்ச அன்னிக்குத்தான் நீ அவர் செக்கை நிறுத்தி வச்சே. அவன் ஃபோன் பண்ணி, 'எங்க அப்பா உங்க அம்மாவைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்கார், இப்ப வேண்டாம்'னான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்புக்காரர் மகனோடு வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. நகத்தைக்கூடச் சுரண்டிச் சுத்தம் பண்ணியிருந்தார், பாவம். மனைவி இறந்த பிறகு பையனைத் தனியாக வளர்த்தவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"நான் பில்லைப் பத்திப் பேச வரல," என்று ஆரம்பித்தார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் பேச்சு தானாக ஓடியது. பையன் மிகவும் பதவிசு. காப்பிக் கோப்பைகளைக் கேட்காமலே சமையலறைக்கு எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். அக்காவுக்கு மீதிக் கால்வாசிச் சம்மதமும் அப்போதே வந்துவிட்டது.

ஆனால் பொருளாளர் என்ற ஒருத்தியும் அவளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளே. பழைய மோட்டார்களையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று கமிட்டி முடிவு செய்திருந்த சமயம் அது. பெரிய வேலை. பம்புக்காரரும் கொட்டேஷன் கொடுக்கப் போகிறார். அக்கா அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். "அவர் எனக்குச் சம்பந்தி ஆகப்போறார். அதனால மோட்டார் வேலையில நான் தலையிட மாட்டேன். பேச்சும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அந்தச் செக்குல எனக்குப் பதிலா துணைத் தலைவர் கையெழுத்துப் போடட்டும்."

எல்லாரும் முதலில் வாழ்த்துச் சொன்னார்கள். தலைவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்ன மற்ற விஷயம் யார் காதிலும் சரியாக விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அக்கா பம்புக்காரர் பக்கமே திரும்பவில்லை. தெருவில் எதிரே வந்தால் சட்டென்று கடைக்குள் புகுந்துவிடுவாள். ஃபோன் வந்தால் வீட்டுக்காரரிடம் நீட்டுவாள். "கல்யாண விஷயமாத்தான் பேசறார்," என்று அவர் சொன்னாலும், "மோட்டார் வேலை முடிவாகட்டும்," என்பாள்.

கொட்டேஷன் பிரிக்கிற நாளும் வந்தது. ஒட்டின உறைகள் மூன்று. கமிட்டி ஆபீசுக்குள் உட்கார்ந்தது. அக்கா சொன்னபடி வெளியே வந்து, தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பார்த்தால், பம்புக்காரர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். ஏதாவது விளக்கம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் வரச் சொல்லியிருந்தாராம். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களையும் அப்படி வரச் சொல்லவில்லை என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது.

எழுந்து போனால் மரியாதையாக இருக்காது. பெஞ்சின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றார் பம்புக்காரர்.

"ம்."

"பையன் வாடகைக்கு வீடு பாத்திருக்கான். காத்தோட்டமா இருக்காம்."

"சரி."

பம்புக்காரர் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தார். மூடியில் டீயை ஊற்றி அவள் பக்கம் நீட்டினார். "நானே போட்டது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

"வேண்டாங்க."

"ஒரு வாய்."

"இப்ப வேண்டாம்."

நீட்டின கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். தானும் குடிக்கவில்லை. டீயைத் திரும்ப ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினார். அக்கா செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் என்னவோ போல்தான் இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம்தானே, முடிவு தெரிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று மனசைத் தட்டிக்கொடுத்தாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"முடிஞ்சுதுக்கா! நம்ம சம்பந்திக்கே குடுத்தாச்சு! ஏகமனதா!"

அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்று கொட்டேஷனைப் படிக்கவாவது நேரம் வேண்டாமா? அவள் வாயைத் திறந்தாள். திறந்ததும்தான் நினைவு வந்தது. இந்த விஷயத்தில் பேசமாட்டேன் என்று சொன்னவள் அவள்தான். வேண்டும் என்று பேசக் கூடாதென்றால், வேண்டாம் என்றும் பேசக் கூடாதே. உதட்டைக் கடித்துக்கொண்டு மேனேஜர் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள்.

பம்புக்காரர் அவளைத் தாண்டி உள்ளே போனார். கமிட்டி மொத்தமும் எழுந்து நின்று அவரை வரவேற்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். அவருடைய உறை மட்டும் பிரிந்து கிடந்தது. மற்ற இரண்டும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன.

"அதைப் பிரிக்கலையா?" என்றார்.

தலைவர் சிரித்தார். "எதுக்குங்க? உங்க வேலை எங்களுக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம, இப்ப நம்ம குடும்பம்..."

"பிரிங்க."

"அட, அதான் முடிவாயிடுச்சே."

"பிரிங்கய்யா!"

அந்தக் குரலைக் கேட்டுத் துணைத் தலைவர் அவசரமாக உறைகளைக் கிழித்தார். ஒன்று பம்புக்காரர் கேட்டதைவிட அதிகம். இன்னொன்று நன்றாகவே குறைவு. உத்தரவாதக் காலமும் அதில் கூடுதல்.

பம்புக்காரர் அந்தக் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். மேஜைமேல் வைத்தார். "இவங்க வேற எங்கெல்லாம் போட்டிருக்காங்கன்னு போய்ப் பாத்துட்டு, சரியா இருந்தா இவங்களுக்கே குடுங்க. இவ்வளவு நாளா என் வேலையைப் பாத்துத்தான் என்னைக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்." குரல் லேசாக உடைந்தது. "சம்பந்திங்கற பேருக்காகக் குடுக்கற வேலை எனக்கு வேண்டாம்."

வெளியே வரும்போது அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அக்கா உள்ளே போய், மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கமிட்டியைப் பற்றி மட்டும் பேசினாள். "என்மேல உங்களுக்குப் பிரியம் இருக்கு. எனக்குத் தெரியும். அதை என் வீட்டுக்கு வந்து காட்டுங்க, சாப்பாடு போடறேன். சங்கத்துக் காசுல காட்டாதீங்க." பெரிய பெரிய மனிதர்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் தரையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் அன்று சாயங்காலமே ராஜினாமாக் கடிதத்தோடு கடைக்கு வந்து நின்றார். "அவரை மட்டும் வரச்சொன்னது நான்தான்க்கா. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையா தப்புப் பண்ணிட்டேன்."

"கடிதத்தைப் பையில வை. உன்னை விட்டா நான் எங்க போய் இன்னொரு தம்பியைத் தேடுவேன்?" என்றாள் அக்கா. "உனக்கு எல்லாரையும் சந்தோஷப்படுத்தணும். அது வியாதி இல்ல. ஆனா அளவு தெரியாம குடுத்தா எந்த மருந்தும் வம்புதான். இனிமே அவசரம்னா எனக்கும் செயலாளருக்கும் ஒரு ஃபோன் அடி. நாங்க சரின்னு சொன்னா செய். யார் கேட்டாலும் இதைச் சொல்லு. 'முடியாது'ன்னு நீ சொல்ல வேண்டாம், எங்க பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கோ."

மேனேஜருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பழியைத் தாங்க ஆள் கிடைத்த நிம்மதியில் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். கமிட்டியும் அதை அவசர விதியாக எழுதி நிறைவேற்றியது. துணைத் தலைவரும் செயலாளரும் நேரில் போய் அந்தக் கம்பெனி செய்த வேலைகளைப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் வேலையை அவர்களுக்கே கொடுத்தார்கள்.

எல்லாம் ஒழுங்காயிற்று, ஒன்றைத் தவிர. பம்புக்காரரிடமிருந்து பேச்சே இல்லை. கல்யாணத் தேதி பேச வரவேண்டியவர் வரவில்லை. வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினால், "வேலையா இருக்கேன்," என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

"அவங்க அப்பா சரியாவே சாப்பிடறதில்லையாம்," என்றாள் மகள். முகம் தொங்கிப் போயிருந்தது. "அம்மா, நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு என்னவோ பயமா இருக்கு."

அக்கா அன்று மத்தியானம் கடையை அடைத்தவள், குடையை எடுக்கவில்லை. வீட்டுக்காரரை அச்சகத்திலிருந்து கூட்டிக்கொண்டு நேராகப் பம்புக்காரரின் பட்டறைக்குப் போனாள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, துணியில் கையைத் துடைத்து, இரண்டு முக்காலிகளை நகர்த்திப் போட்டார்.

"வேலை போச்சுன்னு கோபமா?" என்று அக்காவே ஆரம்பித்தாள்.

"வேலை என்னம்மா வேலை. இன்னிக்கு இங்க போச்சு, நாளைக்கு வேற இடத்துல வரும். அவங்க விலை குறைவு. நானா இருந்தாலும் அவங்களுக்குத்தான் குடுப்பேன்."

"அப்புறம்?"

பம்புக்காரர் கம்பிச் சுருளை எடுத்தார், வைத்தார். "என் பில்லை நிறுத்தினீங்க, கோபம் வந்துச்சு, போயிடுச்சு. ஓட்டுப் போடாம வெளிய வந்தீங்க, அதுல எனக்குப் பெருமைதான். பையன்கிட்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சேன். ஆனா தெருவுல என்னைப் பாத்தா ஓடி ஒளிஞ்சீங்களே. ஒரு மூடி டீ குடுத்தேன். அதுல என்னம்மா லஞ்சம் இருக்கு? எங்க வீட்டுல பேசறதுக்குப் பொம்பளைத் துணை கிடையாது. ஒரு பொண்ணு வரப்போறா, அவளோட அம்மாவும் அப்பாவும் நமக்கு ஒரு ஆதரவுன்னு நினைச்சேன். கையெழுத்துப் போட வேண்டாம். 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மற்றவர்கள் கணக்கில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கிற அக்காவுக்கு, இந்த இடம் மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? சங்கத்து விதி அவளைக் கொட்டேஷனிலிருந்துதான் விலகி நிற்கச் சொன்னது. மனுஷரிடமிருந்து விலகச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. பயத்தில் அவளாகத்தான் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"தப்புதான் அண்ணா," என்றாள்.

அந்த 'அண்ணா' அவளை அறியாமல் வந்தது. பம்புக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைத் துடைக்கிறேன் என்று கிரீஸ் கையால் கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இப்ப கேளுங்க, நல்லாக் கேளுங்க," என்றார் அவர். "ரெண்டு நாளா ரொட்டியும் ஜாமும்தான்."

அக்கா எழுந்து பின்பக்கச் சமையலறைக்குள் போனாள். ஆண்கள் இருவர் புழங்குகிற சமையலறை. உப்பு எங்கே என்று தேடினால் ஸ்குரூ டப்பா வந்தது. முட்டையும் வெங்காயமும் கிடைத்தன. மூன்று பேருக்குமாகச் சமைத்தாள். பட்டறையிலேயே மோட்டார் உதிரிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர், "சம்பந்தி, நீங்க என்னைப் பாவம்னு சொன்னீங்களாமே, ரொம்ப நன்றி. இத்தனை வருஷத்துல அதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்," என்றார். பம்புக்காரர் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன் அண்ணா," என்றாள் அக்கா, தட்டுகளைக் கழுவிக்கொண்டே. "நான் பொருளாளரா இருக்கற வரைக்கும் எங்க சங்கத்துல உங்களுக்கு வேலை வந்தா, நான் வெளியதான் உக்காருவேன்."

"உக்காருங்க. நான் டீ கொண்டு வரேன். குடிக்கணும்."

"குடிக்கறேன்."

கல்யாணத் தேதி அன்றைக்கே, அங்கேயே முடிவாயிற்று. பதிவாளர் ஆபீசில் கையெழுத்து, பிறகு குடியிருப்பின் தோட்டத்திலேயே எல்லாருக்கும் சாப்பாடு. தோட்டத்துக்கான வாடகையைச் சங்கத்துக்குக் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான் அக்கா பந்தல்காரரை உள்ளே விட்டாள். தலைவர், "உங்களுக்குப் போய் வாடகையா?" என்று இழுத்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கல்யாணத்தன்று மேனேஜர் கால் தரையில் படாமல் ஓடினார். பந்தி நடக்கும்போது பக்கத்துக் குடியிருப்பின் தலைவர் பம்புக்காரரைத் தேடி வந்தார். கைக்கு வந்த வேலையை, உறையைப் பிரிக்கச் சொல்லி விட்டுக்கொடுத்த ஆளா நீங்கள் என்று கேட்டு, தங்கள் மோட்டார்களைப் பார்க்க வரச் சொன்னார். பம்புக்காரர் தோளைக் குலுக்கி, "கொட்டேஷன் தரேன், மத்தவங்ககிட்டயும் வாங்கிப் பாருங்க," என்றார். அந்த வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் வீட்டுக்காரர் பட்டறையில்தான் கிடக்கிறார். கம்பி சுற்றக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று சுருளைச் சிக்காக்கி வைப்பார். சம்பந்தி அதைப் பிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். மத்தியானம் மகளும் மருமகனும் வந்துவிடுவார்கள். அக்கா கடையை அடைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"அண்ணா, கையைக் கழுவுங்க. அவரையும் கழுவச் சொல்லுங்க, சோப்புப் போட்டு."